தலை முழுகிய தண்ணீர்

பிணத்தின் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த சுப்புராயன் சட்டென்று கையை நிறுத்திவிட்டு மோந்து பார்த்தார். பிறகு குனிந்து, குருமூர்த்தியின் முகத்துக்குப் பக்கத்தில் போய் இன்னொரு தரம் மோந்தார். பீங்கான் சூளையில் குருமூர்த்தியோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர் அவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"விடியக்காலம்தான போனாரு? மணி பத்துகூட ஆவல. அதுக்குள்ளயா?"

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்ததுபோல முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். ஒப்பாரி அப்படியே நின்றுபோனது. பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா, "ஐஸ் பெட்டி வந்துச்சான்னு பாருங்களேன்" என்று முந்தானைக்குள்ளிருந்தே சொன்னாள்.

அம்சவல்லி மூக்கைப் பொத்தவில்லை. கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு வைத்து அவளை உட்கார வைத்திருந்தார்கள். அந்த நாற்றத்தை அவளுக்குத் தெரியும். அழுகிய முட்டையும் ஊறிக்கிடந்த கந்தலும் கலந்த நாற்றம். ஒன்பது வருஷமாகக் காலை எட்டு மணிக்குக் கொல்லைக் கதவு வழியாக அவள் வீட்டுக்கு வந்த நாற்றம்.

"பொணம் நாறல" என்றாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். "தொட்டி நாறுது."

மணிமுத்தா நகரில் எழுபத்திரண்டு வீடுகள். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஊர் முடிகிற இடத்தில் மனை போட்டு விற்ற நகர். வீடு கட்டியவர்கள் எல்லாரும் கழிவுநீரைப் பின்னாலிருந்த ஓடையில் விட்டார்கள். ஓடை பன்றிக் குட்டையானது. கொஞ்ச நாளில் போர் தண்ணீர் மஞ்சளாக வர ஆரம்பித்தது. குருமூர்த்தியின் மகள் கனிமொழி பிளஸ் டூ படிக்கும்போது மஞ்சள்காமாலை வந்து இரண்டு மாதம் கிடந்தாள். அவள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் குருமூர்த்தி ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேச ஆரம்பித்தார். புதுச்சேரியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்களை அழைத்து வந்தார். அவர்கள் வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். நகரின் பள்ளமான மூலையில் சல்லடைக் குழி, அதற்கடுத்து வண்டல் தொட்டி, அதற்கடுத்து அறை அறையாக நாலு தொட்டிகள், கடைசியில் கல்வாழைப் பாத்தி. பாத்திக்கு அடியில் கொட்ட ஜல்லிக்குப் பதிலாகத் தொழிற்பேட்டையில் கழித்துப் போட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை டிராக்டர் டிராக்டராக அடித்துக் கொண்டுவந்து நொறுக்கினார். எழுபத்திரண்டு வீட்டுச் சாக்கடையும் இந்தப் பக்கம் நுழைந்து, அந்தப் பக்கம் தென்னைக்கும் மாட்டுப்புல்லுக்கும் பாயும் தண்ணீராக வெளியே வந்தது.

திறப்பு விழாவுக்கு எல்லாரும் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சல்லடையில் தங்குவதைத் தினமும் வாரிப் போட வேண்டும், வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை எழுதி எல்லார் கதவிலும் ஒட்டினார்கள். மூன்றாவது வாரத்துக்காரர் வரவில்லை. நாலாவது வாரத்துக்காரர் நாக்கைத் துருத்தி ஓங்கரித்துக் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து குருமூர்த்தி ஒருத்தர்தான்.

அம்சவல்லிக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னால் போதாது. அவளுக்கு அது குமட்டியது. அவர் கொல்லைக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அவருக்கென்று தனி வாளி, தனிச் சோப்பு, தனித் துணிக்கொடி. அப்படியும் சோறு போடும்போது அவர் தலைமுடியிலிருந்து அது வருவதுபோலவே அவளுக்கு இருக்கும். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருடைய கட்டிலை ஹாலுக்கு மாற்றினாள். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். இன்னொரு நாள், பாத்தித் தண்ணீரில் விளைந்தது என்று ஒரு கற்பூரவள்ளி வாழைத் தாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார். பிள்ளையைத் தூக்கி வந்தவர் மாதிரி முகம். அவள் அதை வாங்கி அப்படியே தெருவில் எறிந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு மாடு வந்து தின்றது. அது தின்று முடிக்கிறவரை குருமூர்த்தி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாளாக அவருக்கு நெஞ்சு பாரமாக இருந்தது. வாயு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். "சல்லடைய வாராம கெடக்குது அம்சா, ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றேன்" என்று தினமும் எழுந்தார். "ஒரு நாளு நாறுனா யாரும் செத்துப்போயிட மாட்டாங்க, படுங்க" என்று அவள்தான் படுக்க வைத்தாள். இன்று காலை ஆறு மணிக்கு டீ கொண்டுவந்து, வழக்கம்போலக் கட்டிலுக்கு ஒரு கை தள்ளித் தரையில் வைத்து, விரலால் டம்ளரை நகர்த்திவிட்டுப் போனாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. அதற்கப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

பந்தலுக்கு வெளியே சலசலப்பு கேட்டது. நகர் நலச்சங்கத்தின் செயலாளர் ராஜ்மோகன் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு ஃபிளெக்ஸைத் தூக்கிப் பிடித்து வந்து பந்தல் காலில் கட்டினார்கள். 'சுற்றுச்சூழல் காவலர் சூளை குருமூர்த்தி அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி'. குருமூர்த்தியின் படம் ரேஷன் கார்டிலிருந்து எடுத்தது. கீழே கைகூப்பி நின்ற ராஜ்மோகனின் படம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ராஜ்மோகன் அம்சவல்லியின் பக்கத்தில் குனிந்தார்.

"அக்கா, மன்னிச்சிக்கணும். இந்த நேரத்துல சொல்லக்கூடாது. வாசல்ல இருக்கிற சாக்கட சேம்பரு பொங்குது. பந்தல் காலாண்ட வந்துருச்சி. ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து ஒங்க சனமெல்லாம் வேன்ல வந்துகிட்டு இருக்காங்க. மூணு மணிக்கு எடுக்கிற வரைக்கும் இதுல எப்பிடி ஒக்காருவாங்க?"

"அதுக்கு?"

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. ஆளுக்குச் சொல்லிட்டேன். திருமாலு வந்துட்டான். உள்ள எறங்கி ஒரு குத்து குத்துனான்னா சரியாயிரும். ரெண்டு நிமிஷ வேல. சரக்கும் வாங்கிக் குடுத்தாச்சி."

அம்சவல்லி தலையைத் திருப்பினாள். பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் திருமால் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கயிற்றுச் சுருள், கையில் கடப்பாரை, மடியில் துருத்திக்கொண்டு ஒரு பாட்டில். கல்வாழை நடும்போதெல்லாம் குருமூர்த்திக்குத் துணைக்கு வருகிறவர். செத்தவரின் முகத்தைப் பார்க்க எட்டி எட்டிப் பார்த்தார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவரும் வரவில்லை. ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடப்பாரையோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

ஹாலில் படுத்திருந்த குருமூர்த்தி இரவில் தூக்கம் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டே பேசுவார். தொட்டியைப் பற்றித்தான். உள்ளேயிருந்து அவள் பதில் சொன்னதே கிடையாது. ஆனால் காதை மூட முடியாதே. "எவனயும் உள்ள எறங்க வுடக் கூடாது அம்சா. எறங்க வேண்டிய அவசியமே இல்லாத மாதிரிதான கட்டிவச்சிருக்கேன். அந்தக் காத்து இருக்குதே, ஒரே மூச்சுதான். நாத்தம் தெரியற வரைக்கும் பரவால்ல. திடீர்னு நாத்தம் நின்னுபோச்சின்னு வையி, அவ்வளவுதான், ஆளு காலி." ஒன்பது வருஷத்தில் நூறு தடவை கேட்டிருப்பாள்.

"அவுரு எறங்கக் கூடாது" என்றாள் அம்சவல்லி.

ராஜ்மோகனுக்கு யாரைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் புரியவில்லை. "யாரு, திருமாலா? அவனுக்கு இதெல்லாம் பழக்கம்க்கா. அவன் பாட்டன் காலத்துலேருந்து..."

"சாவுறதுக்கு என்னாய்யா பழக்கம்?"

எழுந்துவிட்டாள். குருமூர்த்தியின் அக்கா பூங்காவனம் அவள் கையைப் பிடித்தாள். "அம்சா, என்னாடி இது? பொணத்த வுட்டுட்டு வாசலத் தாண்டுவாங்களா? பூவும் பொட்டுமா ஒக்கார வச்சிருக்குது. நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"மூக்கப் பொத்திகிட்டுச் சொல்லட்டும் அண்ணி."

கையை விடுவித்துக்கொண்டு இறங்கினாள். வாசலில் சேம்பர் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கறுப்புத் தண்ணீர் அதன் விளிம்பு வழியாகக் கொப்பளித்து, காலையில் டீ குடித்துவிட்டுப் போட்ட காகிதக் கப்புகளை மிதக்க வைத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லை. அதை மிதித்துக்கொண்டுதான் தெருவுக்குப் போகவேண்டும். விரலிடுக்கில் அது வெதுவெதுப்பாக ஏறியது. கனிமொழி "அம்மா" என்று ஓடி வந்தாள்.

"ஃபோன்ல நகர் குரூப்புல போடு" என்றாள் அம்சவல்லி மகளிடம். "ஒரு மணி நேரத்துக்கு எந்த வூட்டுலயும் ஒரு சொட்டுத் தண்ணி தொறக்கக் கூடாதுன்னு போடு. ஒங்கப்பா சொன்னாருன்னு போடு."

"அது எப்பிடிக்கா, எல்லார் வூட்லயும் வெளியூரு ஆளுங்க வந்துருக்காங்க..." என்றார் ராஜ்மோகன்.

"அப்ப நீங்க எறங்குங்க."

அவர் கைக்குட்டையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.  தொட்டிவரை கூடவே வந்தார். இருபதடி தள்ளி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நின்றார்.

அந்த மூலைக்கு அம்சவல்லி ஒருநாளும் வந்ததில்லை. இரும்புக் கதவுக்கு உள்ளே சிமெண்டு மூடிகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் ஒழுங்காக எண் போட்டு, கைப்பிடிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. சல்லடைக் குழி விளிம்புவரை நிறைந்து, மேலே பழுப்பு நுரை தோல்போலப் படர்ந்து கிடந்தது. நுரை அவ்வப்போது வீங்கி வெடித்தது. அவள் வாய் முழுக்க எச்சில் ஊறியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

திருமால் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"நீங்க எறங்காதீங்க" என்றாள்.

அந்த 'நீங்க'வைக் கேட்டு ராஜ்மோகன் நிமிர்ந்து பார்த்தார். திருமால் பார்க்கவில்லை. ஒரு கையைச் சட்டையிலிருந்து எடுத்தபடி நின்றார்.

"எறங்குறதுக்குத்தானம்மா கூப்புட்டாங்க. சாரு இருந்தா வுட மாட்டாரு. சாருதான் இல்லியே."

"மொதல்ல எல்லா மூடியயும் தொறக்கணும். தொறந்துட்டு அர மணி நேரம் தள்ளி நிக்கணும். அப்பறம் மேலேருந்து கொக்கிய வுட்டுத்தான் இழுக்கணும். கொக்கி எங்க வச்சிருப்பாருன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்" என்றார் திருமால். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மூடிகளைக் கடப்பாரையால் நெம்பினார்கள். அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நாலாவது மூடியைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் அம்சவல்லி ஓடிப்போய்க் கல்வாழை ஓரமாக வாந்தி எடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் பச்சைத் தண்ணீராக வந்தது. தலையிலிருந்த பூச்சரம் அவிழ்ந்து அதிலேயே விழுந்தது. அரை மணி நேரம் வெயிலில் நின்றார்கள். ராஜ்மோகனின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. "ஆமாங்க, பாத்துக்கிட்டு இருக்கோம்... நானே நேர்ல நிக்கிறேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

பன்னிரண்டடிக் குழாயின் நுனியில் குருமூர்த்தி கொக்கி பற்றவைத்து வைத்திருந்தார். திருமால் அதைச் சல்லடைக்கு அந்தப் பக்கம் விட்டுத் திருகினார். ஒரு ஆளால் இழுக்க முடியவில்லை. அம்சவல்லி பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் வந்தது முடி. எழுபத்திரண்டு வீட்டுப் பெண்களின் முடியும் ஒன்றாகத் திரிந்து, பன்றிக்குட்டி அளவுக்கு ஒரு உருண்டை. அதில் கோழி இறகும் சாமந்திப் பூவும் ஒட்டியிருந்தன. அடுத்து, சமையல் எண்ணெய் உறைந்து மஞ்சள் சோப்பு மாதிரி கட்டி கட்டியாக. அடுத்து நாப்கின்கள். அப்புறம் ஊறி உப்பிப்போன குழந்தை டயப்பர்கள், ஒன்றின் பின் ஒன்றாக, எட்டு, ஒன்பது. நகரில் கைக்குழந்தை இருக்கிற வீடு ஒன்றுதான். அது ராஜ்மோகனின் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிற வீடு. இதைப் போடாதீர்கள் என்று சொல்லப் போன குருமூர்த்தியிடம் ராஜ்மோகனின் மனைவி, "அதுக்குத்தான நீங்க இருக்கீங்க" என்று சொன்னாளாம். அதையும் அவர் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

அம்சவல்லி திரும்பி ராஜ்மோகனைப் பார்த்தாள். அவர் ஃபோனைப் பார்த்தார்.

கடைசியாகக் கொக்கியில் ஒரு துணி சுற்றிக்கொண்டு வந்தது. திருமால் அதை உதறி விடப்போனார். ஊதா நிறம், வெள்ளைப் புள்ளி. அது அவளுடைய பழைய பாவாடை. அடுப்புமேடை துடைக்கக் கிழித்து வைத்து, முந்தாநாள் நைந்துபோனதும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். இது முதல் தடவை இல்லை. ஒன்பது வருஷத்தில் எத்தனை போட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அதெல்லாம் யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? கொடியில் தினமும் காய்ந்த துணி. இங்கே நின்று கொக்கியிலிருந்து எடுத்து, குப்பையோடு போட்டுவிட்டு, குளித்துவிட்டு வந்து, தள்ளி வைத்த சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்.

"அம்மா, கைய வுடுங்க, போவுது பாருங்க" என்றார் திருமால்.

குழிக்குள் ஏதோ பெரிதாக ஏப்பம் விட்டது. நுரை சுழன்றது. தண்ணீர் மளமளவென்று இறங்க ஆரம்பித்தது. தெருவிலிருந்து யாரோ "எறங்குது, எறங்குது" என்று கத்தினார்கள்.

ராஜ்மோகன் இரண்டடி முன்னால் வந்தார். "நல்ல வேள. பிரச்சன இல்லாம முடிஞ்சிது. அடுத்த மீட்டிங்ல பேசி நிரந்தரமா ஒரு ஆளப் போட்டுரலாம்க்கா."

அவள் அவரைத் தாண்டி நடந்தாள். அவர் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்.

பந்தலில் வழிந்திருந்ததை மணல் கொட்டி மூடியிருந்தார்கள். ஐஸ் பெட்டி வந்துவிட்டது. ஸ்ரீமுஷ்ணம் வேனும் வந்துவிட்டது. அம்சவல்லி தெருமுனையில் வரும்போதே பெண்கள் விலக ஆரம்பித்தார்கள். பூங்காவனம் வாசலை மறித்து நின்றாள்.

"கொல்லப் பக்கமா போயி குளிச்சிட்டு வா. இப்பிடியேவா வருவ? தம்பியக் குளிப்பாட்டி, கோடி போத்தி வச்சிருக்குது."

"தள்ளுங்க அண்ணி."

முழங்கால்வரை கறுப்பு. சேலையில் கறுப்பு. மஞ்சள் பூசிய கன்னத்தில் ஒரு தீற்று. அப்படியே உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குருமூர்த்தி படுத்திருந்தார். கைகள் நெஞ்சின்மேல் கட்டியிருந்தன. நகங்களை அவள் பார்த்தாள். எல்லாம் சதையோடு ஒட்ட வெட்டி, வெள்ளை வெளேரென்று இருந்தன. இந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு சுத்தமான நகம் இருந்திருக்காது. தொடலாம் என்று கையைத் தூக்கினாள். கையைப் பார்த்தாள். இறக்கிக்கொண்டாள். அவர் குளித்திருந்தார். அவள்தான் குளிக்கவில்லை. பெட்டிக்கு ஒரு கை தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. கனிமொழி மட்டும் வந்து, ஒரு கணம் தயங்கி, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சுப்புராயன் வெளியே போய்த் திருமாலின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். திருமால் மாலையைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மணிமுத்தாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு ஆண்கள் போனார்கள். ராஜ்மோகன் தெருமுனைவரை பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டு, யாரோ படம் எடுத்ததும் இறங்கிக்கொண்டார். மேளச் சத்தம் மெயின் ரோட்டில் திரும்பித் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தீட்டுக் கழிய அவரவர் வீட்டுக்குத் தலை முழுகப் போனார்கள். வெளியூர்க்காரர்கள் அங்கங்கே தெரிந்த வீடுகளுக்குள் குளிக்க நுழைந்தார்கள்.

அம்சவல்லி ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேலே மொட்டைமாடிகளில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. பக்கத்து வீட்டில் வாளி நிறைகிற சத்தம். எதிர்வீட்டில் சொம்பு சொம்பாக ஊற்றுகிற சத்தம். எழுபத்திரண்டு வீட்டிலும் குருமூர்த்தியின் சாவைத் தலையிலிருந்து கழுவிக்கொண்டிருந்தார்கள். சீயக்காயும் சோப்பும் முடியுமாக அது குழாய் குழாயாக இறங்கித் தெருவுக்கு அடியில் ஒன்று சேர்ந்தது. வாசல் சேம்பருக்குள் தண்ணீர் இரைந்துகொண்டு பள்ளத்தைப் பார்த்து ஓடுவது ஹால்வரை கேட்டது.

கொல்லையிலிருந்து பூங்காவனம் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டாள். "வெந்நீ ஆறுதுடி. வந்து குளி."

"எல்லாரும் குளிச்சி முடிக்கட்டும்" என்றாள் அம்சவல்லி. "நான் கடைசியா குளிக்கிறேன்."

சொல்லிவிட்டு, அந்தச் சத்தம் எங்காவது தடைபடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.